புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன்னால்

இராமேசுவரம் தீவில் பழைய வீடுகளையும் நினைவில்லங்களையும் பார்த்துக்கொள்ளும் அன்பர்களுக்கு,

வணக்கம். கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே கலாம் வீடு எங்கே என்று விசாரித்துப் பள்ளிவாசல் தெருவுக்கும் வருகிறார்கள். படங்களையும் விருதுகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த வீட்டின் அடுப்படி மேல்தான் கண். 1999-ல் வந்த தன்வரலாற்றில், அம்மா ஆஷியம்மாளோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வாழையிலையில் சோறும் சாம்பாரும் ஊறுகாயும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். அந்தச் சாம்பாரை ஊற்றியது பித்தளைக் கரண்டியா, சிரட்டை அகப்பையா? போர்க்காலத்தில் புளியங்கொட்டை பொறுக்கி விற்று ஒரு நாளைக்கு ஓரணா சம்பாதித்தாரே, அதை எதில் அள்ளிக்கொண்டு போனார்? சில்லறைக் கேள்விகள்தான். ஆனால் இந்தத் தீவில் இப்படிப்பட்டவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்கள். யார் கொடுத்தது, யாருக்கு, சில சமயம் தேதிகூட இருக்கும். பத்திரத்துக்குச் சமம். எங்கள் அப்பத்தாவின் தவலையிலும் அப்படி ஏதோ இருந்தது. உப்புக்காற்றில் களிம்பு ஏறிக் கிடக்கிறதே என்று, வருஷா வருஷம் புளியும் மண்ணும் போட்டுப் பளபளவென்று தேய்த்தவள் நான்தான். இப்போது தடவிப் பார்த்தால் 'ரா' என்ற ஒரெழுத்துதான் விரலில் படுகிறது. அது அப்பத்தா பேரும் இல்லை!

அதனால் கேட்கிறேன். தேய்ப்பதற்கும் எடைக்குப் போடுவதற்கும் முன்னால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். எண் எழுதிய அட்டையை நூலால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும். யார் வாங்கியது, எதற்குப் புழங்கியது, 1964 புயலுக்கு முன்பா பின்பா என்று பெரியவர்களிடம் கேட்டு, சொன்னவர் பேரோடு எழுதிவையுங்கள். இன்னொன்று, காட்சிக்காகக் கடையில் வாங்கி வைத்த பழைய சாமானை 'அவர் புழங்கியது' என்று எழுதிவிடாதீர்கள். 'அந்தக் காலத்துப் பாத்திரம்' என்றே எழுதலாம், தப்பில்லை.

நோட்டும் ஸ்கேலும் நானே கொண்டுவருகிறேன். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால், அவர்களுக்கு அடுப்படி வேலை ஓயும் நேரம் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை