நிறம் மாறினால் மில்லிகிராமைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடக்குவாதத்துக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பெயரைவிட நிறம்தான் பழக்கம். "அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். ஒரு மாதம் அது வேறு மாதிரி வந்தால், சிலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றதும் அப்படியே விழுங்குகிறார்கள். இரண்டுமே தவறு.

நிறம், வடிவம், நடுக்கோடு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் வாங்கித் தருவதால் அங்கே இது சகஜம். பார்க்க வேண்டியது வேறு: பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயர், அதன் மில்லிகிராம், மருந்து உடம்பில் மெல்ல இறங்குமா, தாமதமாக இறங்குமா என்று சொல்லும், பெயரோடு ஒட்டிவரும் எஸ்.ஆர்., டி.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

மெத்தோட்ரெக்சேட்டில் இந்தத் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. எனப் பல அளவில் கிடைக்கிறது, 2.5-ம் 10-ம் ஒரே மஞ்சளில் வருவதுண்டு. வாரம் 15 மி.கி. என்றால் 2.5-ல் ஆறு மாத்திரை. அட்டை மாறி 10 மி.கி. வந்து, பழக்கத்தில் அதே ஆறைப் போட்டால் 60 மி.கி. உள்ளே போய்விடும். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.யும் மஞ்சளாக இருக்கலாம். போதாததற்கு இரண்டிலும் 'ஃபோ' என்று தொடங்கும் பிராண்டுகள் உண்டு. ஃபோலிக் ஆசிட்டுக்குப் பதில் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டவர்களுக்கு முதலில் வருவது வாய்ப்புண், பிறகு காய்ச்சல், தோலில் கன்றிய தடங்கள். ரத்த அணுக்கள் குறைவதன் அறிகுறி இது. வாய்ப்புண்தானே என்று பி-காம்ப்ளக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருந்தை நிறுத்தி, அட்டையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முறிமருந்தான ஃபோலினிக் ஆசிட் அங்கேதான் தருவார்கள். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அந்த வேலையைச் செய்யாது.

இந்த வார மாத்திரையின் கவரில் 'மண்டே' என்று கிறுக்கினால் 'மார்னிங்' என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. 'திங்கள் மட்டும்' என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் 50 மி.கி.யை இரண்டு வேளை போடுகிறவருக்கு 100 எஸ்.ஆர். வந்தால், அது ஒரு நாளைக்கு ஒன்றுதான். பெரிதாக இருக்கிறதே என்று பாதியாக உடைத்தால், மெல்ல இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கும். முடக்குவாதத்துக்கே தரும் சல்ஃபாசலசைனில் குடலில் கரையும் பூச்சு உள்ளதற்குப் பதில் சாதாரணம் வந்தால் குமட்டலும் வாந்தியும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு முடக்குவாத மருந்தான டோஃபாசிடினிப் 5 மி.கி. என்றால் இரண்டு வேளை, 11 எக்ஸ்.ஆர். என்றால் ஒரே வேளை.

எல்லா மாற்றமும் கம்பெனி மாற்றமல்ல. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுவைத்தால் சென்னைக் கடற்காற்று ஈரத்தில் மாத்திரை பொட்டுப் பொட்டாகக் கறைபடும், ஓரம் உதிரும். அதைப் போடக் கூடாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டைகளில் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வாங்கியவர் கையில் பெயர்கூட முழுதாக மிஞ்சுவதில்லை. வெட்டுமுன் முழு அட்டையையும் மொபைலில் படமெடுக்க விடுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துக்கான சீட்டில் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு தயாரிப்பைத் தர மருந்து விதிகள் 65(11ஏ) இடம் தரவில்லை. "அதேதான்" என்று கவுன்ட்டரில் முடிவு செய்யாமல் டாக்டருக்கு ஒரு போன் போட வேண்டும்.

மாத்திரை மாறிய பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால் அரசின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம். பேட்ச் எண் கேட்பார்கள்.

ஒரு மருந்தாளுநர்,
சைதாப்பேட்டை, சென்னை