கம்ப்யூட்டர் பேசிக்ஸ் பேப்பருக்கு சிலபஸ் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவுல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடுறேன். முதல் செமஸ்டர்ல எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுவா ஒரு பேப்பர் வெச்சிருக்கீங்கள்ல, வேர்டு எக்ஸெல் பவர்பாயின்ட் மூணையும் ஒரே மூட்டையா கட்டி, அந்தப் பேப்பருக்கு லேப்ல நிக்கிற ஆள் நான். தியரி எடுக்குறவங்க எடுத்துட்டு போயிடுவாங்க, அதுக்கப்புறம் "மேம் என் ஃபைல காணோம்"னு குரல் வந்தா ஓடுறது நான்தான். சிலபஸ் எப்படி இருக்கணும்னு உங்களுக்கு சொல்ற அளவுக்கு எனக்கு படிப்பு பத்தாது, ஆனா அது எந்த எடத்துல கிழியுதுன்னு தினம் பாக்குறேன்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எக்ஸாம்ல "மெயில் மெர்ஜ் செய்யும் படிகளை எழுதுக, 10 மதிப்பெண்"னு பேப்பர்ல எழுத வைக்காதீங்க. ஒரு கெட்டுப்போன ஃபைல குடுத்து இத சரி பண்ணுன்னு சொல்லுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த மெயில் மெர்ஜ் கேள்வியவே எடுத்துக்கலாம். ஒரு பொண்ணு அதுக்கு 9 மார்க் வாங்குனா, அழகா நம்பர் போட்டு எட்டு ஸ்டெப் எழுதியிருந்தா. அடுத்த வாரமே லேப்ல நாப்பது பேருக்கு ஒரே லெட்டர் போகணும், பேர் மட்டும் மாறணும்னு குடுத்தேன். அவ என்ன பண்ணா தெரியுமா, ஒரு லெட்டர காப்பி பண்ணி நாப்பது தடவ பேஸ்ட் பண்ணிட்டு மேல இருந்து ஒவ்வொரு பேரா மாத்திட்டு உக்காந்திருந்தா. இதுதாம்மா நீ எக்ஸாம்ல எழுதுன மெயில் மெர்ஜ்னு சொன்னதும் "அது இதுக்குத்தானா மேம்?"னு கேட்டா. அவ மேல தப்பே இல்ல. இன்னொரு கூத்து என்னன்னா அவ மனப்பாடம் பண்ண நோட்ஸ்ல டூல்ஸ் மெனுவுக்கு போகவும்னு இருந்துச்சு. 2007ல ரிப்பன், அதாவது மேல டேப் டேபா பட்டன் அடுக்கி வெச்ச பட்டை, வந்தப்பவே அந்த மெனு போயிடுச்சு, மெயிலிங்ஸ்னு தனி டேபே வந்தாச்சு. நோட்ஸ் மட்டும் ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா ஓடிட்டு இருக்கு. படிகள எழுதச் சொன்னா இப்படித்தான் ஆகும், பட்டன் எடம் மாறுன அன்னைக்கே படிச்சதெல்லாம் போச்சு.

அடுத்து யூனிட் 1. கம்ப்யூட்டர் தலைமுறைகள், வேக்குவம் டியூப், ட்ரான்ஸிஸ்டர், இன்புட் டிவைஸ், அவுட்புட் டிவைஸ். இதெல்லாம் வேணாம்னு சொல்லல, 1946ல கிட்டத்தட்ட 18,000 வேக்குவம் டியூபோட ஒரு ரூம் முழுக்க எனியாக் நின்னுச்சுன்னு சொன்னா எனக்கே இன்னும் கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு மணி நேரம் போதும். ஃபோல்டர்னா என்ன, ஃபைல் பேருக்கு பின்னாடி புள்ளி வெச்சு வர்ற எக்ஸ்டென்ஷன் எதுக்கு, சேவ் பண்ணுனா எங்க போய் உக்காருது, இதுக்கு சிலபஸ்ல ஒரு வரி கூட இல்லீங்க. இப்ப வர்ற பசங்க ஃபோன்லயே வளர்ந்தவங்க, ரெண்டு கட்டவிரல்ல அவங்க டைப் பண்ற வேகத்துக்கு நான் கிட்ட நிக்க முடியாது. ஆனா ஃபோன்ல ஃபோல்டர யாரும் தேடுறதில்ல, ஆப்ப தொறந்தா எல்லாம் அங்கயே இருக்கும். "ஃபைல எங்க சேவ் பண்ண?"னு கேட்டா "வேர்டுல மேம்"னு பதில் வருது. கேலி பண்ணல, அவங்க உலகத்துல அது சரியான பதில்தான். நாமதான் இது வேற உலகம்னு சொல்லித் தரவே இல்ல.

இத சொல்லித் தர்றது ஒண்ணும் போரிங்கான வேலை இல்ல. ஒரு தடவ படம் வெச்ச வேர்டு ஃபைல் ஒண்ண காப்பி எடுத்து, பேருக்கு பின்னாடி டாக்எக்ஸ்னு இருக்குற எக்ஸ்டென்ஷன ஜிப்னு மாத்தி தொறக்கச் சொன்னேன். உள்ள போனா வரிசையா ஃபோல்டரு, அதுல மீடியான்னு ஒண்ணு, அதுக்குள்ள அவங்க டாக்குமென்ட்ல வெச்ச ஃபோட்டோ அப்படியே தனியா கெடக்குது. லேப் முழுக்க ஒரே சத்தம். எக்ஸ்டென்ஷன்னா என்னன்னு அதுக்கப்புறம் நான் வெளக்க வேண்டிய அவசியமே வரல.

வேர்டுல அவங்க படுற பாடு தனிக்கதை. தலைப்ப நடுவுல கொண்டு வர ஸ்பேஸ் பார தட்டிட்டே இருப்பாங்க, அடுத்த பக்கம் போக என்டர அமுக்கிட்டே இருப்பாங்க. முப்பது பக்கம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இப்படியே ரெடி ஆயிடும், பாக்க சூப்பரா இருக்கும். நான் மூணாவது பக்கத்துல ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுவேன், அங்கேர்ந்து கடைசி வரைக்கும் எல்லா தலைப்பும் சறுக்கி பக்கத்துக்கு நடுவுல, அடியிலன்னு போய் நிக்கும், பையன் மொகத்த பாக்க முடியாது. கன்ட்ரோல் என்டர் போட்டா பேஜ் பிரேக், தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் குடுத்தா பொருளடக்கம் தானா வரும், மாத்துனா ஒரு க்ளிக்ல அப்டேட் ஆகும். இத சொல்ல அர மணி நேரம் ஆகுமா? ஆனா சிலபஸ்ல ஃபான்ட் கலர் மாத்துறது, வேர்டு ஆர்ட் வெக்கிறது எல்லாம் இருக்கு, ஸ்டைல்ங்கிற வார்த்தையே இல்ல.

இப்ப எக்ஸெல். இதுலதான் எனக்கு உண்மையாவே பயம். ஒரு பையன் மார்க் லிஸ்ட் போட்டு டோட்டல் எல்லாம் கரெக்டா வெச்சிருந்தான், பார்டர் கலர் எல்லாம் போட்டு. நான் ஒரு மார்க்க 45லேர்ந்து 95 ஆக்குனேன், டோட்டல் அசையவே இல்ல. என்னடான்னு பாத்தா ஃபோன்ல கால்குலேட்டர்ல கூட்டி அந்த நம்பர டைப் பண்ணி வெச்சிருக்கான். ரெக்கார்ட் நோட்ல பிரிண்ட் எடுத்து ஒட்டுனா இது முழு மார்க் வாங்கிடும், ஏன்னா பேப்பர்ல ஃபார்முலா தெரியாதே.

இந்தப் பையன் நாளைக்கு ஏதோ ஒரு ஆபீஸ்ல உக்காரப் போறான். ஃபோன் நம்பர் முன்னாடி இருக்குற சைபர எக்ஸெல் முழுங்கிடும், 16 இலக்க நம்பர அடிச்சா 15க்கு மேல ஞாபகம் வெச்சுக்காம கடைசி இலக்கத்த சைபர் ஆக்கிடும், தேதி மாதிரி தெரியுற எதையும் தேதியா மாத்திடும், எதையும் நம்மகிட்ட கேக்காது. விஞ்ஞானிங்களே இதுல நொந்து போயிருக்காங்க. மனுஷ ஜீன் பேர்கள்ல மார்ச்1, செப்ட்1னு எல்லாம் இருந்துச்சு, எக்ஸெல் அத மார்ச் 1, செப்டம்பர் 1னு தேதியாக்கிட்டே இருந்ததால, கடைசில 2020ல பேர் வெக்கிற கமிட்டியே ஜீனோட பேர மாத்திட்டேன்னு அறிவிச்சுது. அதே வருஷம் இங்கிலாந்துல கிட்டத்தட்ட 16,000 கொரோனா கேஸு கணக்குல வராம விட்டுப்போச்சு. காரணம் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட், அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான், அதுக்கு மேல வந்த டேட்டா உள்ள ஏறவே இல்ல. புது ஃபார்மட்ல 10,48,576 வரிசை இருக்கு. இந்த ரெண்டு நம்பரையும் ஒரு மார்க் கேள்வியா கேப்பீங்களோன்னு இப்பவே பயமா இருக்கு, தயவுசெஞ்சு கேக்காதீங்க. நம்பர் முக்கியமில்ல, டேட்டா முழுசா வந்துச்சான்னு எண்ணிப் பாக்குற பழக்கம் வரணும்.

பவர்பாயின்ட்டுக்கு பெருசா எதுவும் சொல்லல. அனிமேஷனுக்கு மட்டும் அவ்ளோ நேரம் குடுக்காதீங்க, எழுத்து சுத்திச் சுத்தி வந்து விழுறத பாத்து பாத்து எனக்கு தல சுத்துது.

இதெல்லாம் இப்ப ஏஐ கிட்ட கேட்டா செஞ்சு குடுத்துடுமேன்னு உங்கள்ல சிலர் சொல்லுவீங்க. குடுக்கும்தான். போன மாசம் ஒருத்தன் கேட்டு வாங்குன ஃபார்முலா நல்லாவே இருந்துச்சு, ஆனா கீழ இழுக்குறப்போ நகரக்கூடாத செல்லுக்கு, அத அங்கயே பூட்டி வெக்கிற டாலர் குறி இல்ல, ரெண்டாவது வரியிலேர்ந்து எல்லாம் தப்பு. டாலர் குறி எதுக்குன்னு தெரிஞ்சவன் அஞ்சு செகண்ட்ல கண்டுபிடிப்பான், இவன் அப்படியே சப்மிட் பண்ணிட்டான்.

அதனாலதான் கெட்டுப்போன ஃபைல்னு கேக்குறேன். ஒரு வேர்டு ஃபைல், ஒரு எக்ஸெல் ஃபைல், ரெண்டுலயும் சேர்த்து பத்து தப்பு. ஸ்பேஸ்ல தள்ளுன தலைப்பு, என்டர்ல ஓட்டுன பக்கம், டைப் பண்ணி வெச்ச டோட்டல், எழுத்தா மாறிப்போன நம்பர், கடைசி வரிசைய கூட்டாம விட்டுட்ட சம் ஃபார்முலா, இப்படி. எந்த சாஃப்ட்வேர்ல வேணா சரி பண்ணட்டும், வீட்ல இலவசமா கெடைக்கிற லிப்ரேஆபீஸ் மட்டும் வெச்சிருக்குற பையனும் எழுதலாம், எந்த டேப்ல எந்த பட்டன்னு நாம கேக்கலையே. திருத்துறது கஷ்டம்னு சொல்லாதீங்க, நான் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு வெச்சுப் பாத்துட்டேன், ஒரு ஃபைலுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகல. ஒரு நம்பர மாத்திப் பாக்கணும், ஒரு வரி சேர்த்துப் பாக்கணும், அவ்ளோதான். காப்பி அடிக்காம இருக்க ஆளுக்கு ஆள் தப்ப எடம் மாத்தி வெச்சேன். முதல் தடவ தியரில டாப் வந்த பசங்களே பாதி தப்ப கண்டுபிடிக்கல. ஆனா டெஸ்ட் முடிஞ்சும் ஒருத்தரும் எழுந்து போகல, பெல் அடிச்சப்புறமும் "இன்னொண்ணு எங்க மேம் இருக்கு"ன்னு தேடிட்டு இருந்தாங்க. ரெக்கார்ட் நோட்ட எந்தப் பையனும் இப்படி பெல்லுக்கு அப்புறம் புரட்டி நான் பாத்ததில்ல.

அந்த ரெண்டு ஃபைலையும் இந்த மடலோட அனுப்பியிருக்கேன். அடுத்த மீட்டிங்ல உக்காந்து நீங்களே ஒரு தடவ சரி பண்ணிப் பாருங்க. பத்தாவது தப்பு எக்ஸெல்ல மறைச்சு வெச்ச ஒரு வரிசையில இருக்கு, வரிசை நம்பர் 17லேர்ந்து நேரா 19க்கு தாவுறத பாத்தா கெடச்சிடும்.

இப்படிக்கு,
லேப்ல நிக்கிற ஒருத்தி