நட்ட படம் போதும், நின்ற படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் காடுகளுக்குப் போய்த் தொண்டு செய்யும் இளைஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே தேவகோட்டை வாசகர் ஒருவர், சொந்த ஊர் ஊருணியில் பிளாஸ்டிக் மிதக்கும்போது கடல் தாண்டிப் போய்க் களை பிடுங்குவது என்ன சேவை என்று கேட்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டிப் போய்க் களை பிடுங்கிய ஆள் நான். வயது 67. தபால் ஆபீஸ் கவுண்டரில் 34 வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பேத்தி காலேஜ் முடித்த கையோடு தென்னாப்பிரிக்கா போயே தீருவேன் என்று நின்றாள். சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிற வேலையாம், மூன்று வாரம். ஏற்பாடு செய்கிற ஏஜென்சி கேட்டது இரண்டரை லட்சம், டிக்கெட் தனி. பணம் கட்டி வேலை பார்ப்பதைக்கூட நான் குறை சொல்லவில்லை. சோறு, படுக்கை, வண்டி எல்லாவற்றுக்கும் யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும். நான் கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: "குட்டியோட ஆத்தா எங்கே?" ஒதுக்கிவிட்டது என்று பதில் வந்தது. எல்லாக் குட்டியையுமா ஆத்தா ஒதுக்கும் என்று திரும்பக் கேட்கச் சொன்னேன். அதற்கப்புறம் பதிலே இல்லை.

பிறகு அவளே தேடிப் படித்தாள். மனிதர் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. குட்டியாக இருக்கும்வரை கொஞ்சுவதற்குக் காசு, வளர்ந்ததும் வேலிக்குள்ளேயே விட்டுச் சுடுகிறவனிடம் காசு, அப்புறம் எலும்புக்குக் காசு. இப்படிக் கூண்டில் வளர்ப்பதை நிறுத்தப்போவதாக அந்த நாட்டு அரசே 2021இல் அறிவித்துவிட்டது. பேத்தி போகவில்லை. சென்னைக் கடற்கரையில் ராத்திரி ஆமை முட்டை தேடி நடக்கிற மாணவர் கூட்டம் ஒன்று 1988இலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. அவர்களோடு இரண்டு சீசன் நடந்தாள். காலில் கொப்புளம் வந்ததைத் தவிர செலவு ஒன்றுமில்லை.

இனி என் கதை. 2019 ஆனி மாசம், மகன் வீட்டில் பேரன் பிறந்ததற்காக நியூசிலாந்து போனேன். ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மண் ஒட்டிய செருப்பு, ஷூ ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினேன். மறைத்தால் அபராதம் 400 டாலர் என்று மகன் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தான். சீப்புச்சீடை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள். ஷூவை மட்டும் உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். நான் தினமும் ஊருணிக்கரையில் நடக்கிற ஷூ அது, அடியில் நம் செம்மண் அப்பிக்கிடந்தது. பத்து நிமிஷம் கழித்து ஓர் அதிகாரி அதைத் துப்புரவாகக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொன்னேன். மனசுக்குள் மட்டும், எங்க ஊர் மண்ணில் என்னய்யா தீட்டு என்று ஓடியது.

அதற்குப் பதில் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. கௌரி என்று ஒரு மரம் அங்கே. நம் பெயர்போல இருந்தாலும் அது அந்த ஊர் மாவோரி மக்களின் சொல். ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிற மரம். கப்பல் பாய்மரத்துக்கும் வீட்டுக்குமாக வெள்ளைக்காரர்கள் வெட்டித் தீர்த்து மிச்சம் கொஞ்சம்தான். அந்த மிச்சத்துக்கும் வேரில் ஒரு நோய். செருப்பில் ஒட்டிய துளி மண் போதும், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு நோய் போய்விடும். அதனால் காட்டு வாசலில் பிரஷும் மருந்துத் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் நுழையும் முன் கால் கழுவுகிற மாதிரி தேய்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே நின்று ஷூவைத் தேய்க்கும்போது எங்கள் வளவுத் தூண்கள் ஞாபகம் வந்தன. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போய்த் திரும்பிக் கட்டிய வீடு. தூண் ஒவ்வொன்றும் பர்மாக் காட்டில் நின்ற தேக்கு. சின்ன வயசில் அதைக் கட்டிப்பிடித்துச் சுற்றி விளையாடியபோது அது எங்கேயோ ஒரு காட்டில் மரமாக நின்றது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அயல்நாட்டுக் காட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று செட்டிநாட்டுக்காரர் ஒருவர் கேட்கும்போது, அவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார் என்று பார்க்கத் தோன்றுகிறது.

வேலையில் சேர்ந்த கதை பெரிசாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு வயது 74. சனிக்கிழமை காலையில் வாளியும் கையுறையுமாகக் கிளம்புவார். எங்கே என்று கேட்டேன், நீயும் வா என்று கூட்டிப்போனார். தெருக்கோடியில் ஓர் ஓடை, அதன் சரிவில் அந்த ஊர்க் காட்டைத் திரும்ப வளர்க்கிறார்கள். ஏஜென்சி இல்லை, கட்டணம் இல்லை. பத்து பன்னிரண்டு பேர், முக்கால்வாசி நரைத்த தலை.

களை என்றால் என்ன களை தெரியுமா? ஒன்று, மஞ்சள் பூப் பூக்கிற இஞ்சி. நம் இமயமலைப் பக்கத்திலிருந்து அழகுக்குக் கொண்டுபோய் வைத்தது, அங்கே காட்டின் தரையையே மூடிவிட்டது. கிழங்கில் ஒரு துண்டு விட்டாலும் முளைக்கும். இன்னொன்று தென் அமெரிக்கக் கொடி. ஒடித்தால் எருக்கு மாதிரி பால் வடியும், காய் வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரியே விதை பறக்கும். எருக்குக்கு ஒன்றுவிட்ட உறவுதான், விசாரித்துவிட்டேன். தலைக்கு மேலே நம் ஊர் மைனா கத்திக்கொண்டிருந்தது. அதுவும் அங்கே வேண்டாத விருந்தாளி, அங்கு குடியேறியவர்கள் 1870களில் கொண்டுபோய் விட்டது. அதைப் பார்த்ததில் எனக்கு மட்டும் சந்தோஷம், மற்றவர்கள் முகம் சுளித்தார்கள்.

எனக்குச் சங்கடமாக இருந்தது பொறி வேலை. மனிதர் காலடி படும்வரை அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிரத் தரையில் வாழும் பாலூட்டியே கிடையாது. அதனால் பல பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டன, தரையில் முட்டையிட்டன. அப்புறம் கப்பலில் எலி வந்தது. முயலைப் பிடிக்க என்று கீரிபோன்ற ஒரு பிராணியைக் கொண்டுவந்தார்கள், அது முயலை விட்டுப் பறவையைத் தின்றது. 2050க்குள் பறவையைத் தின்னும் இந்தப் பிராணிகள் இல்லாத நாடாக்குவோம் என்று 2016இல் அரசு அறிவித்திருக்கிறது. ஊர் ஊராகச் சனங்களே பொறிப்பெட்டி வைக்கிறார்கள்.

மரப்பெட்டி, எண் 23. மூடியைத் திறந்தால் உள்ளே ஓர் எலி. கம்பி கழுத்தில் விழுந்திருந்தது. மீசை அப்படியே விறைத்து நின்றது, முன்னங்கால் இரண்டும் கும்பிடுகிற மாதிரி மடங்கியிருந்தது. வருஷம் தவறாமல் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிறவள் நான், எலியோ அந்தப் பிள்ளையாரின் வாகனம். அந்த அம்மாள் சாதாரணமாகக் குச்சியால் தள்ளிப் பெரணிக்கு அடியில் போட்டுவிட்டு, பெட்டியில் கொஞ்சம் வேர்க்கடலை விழுது தடவினார். நான் எழுதுகிற வேலையை மட்டும் வாங்கிக்கொண்டேன்: தேதி, பெட்டி எண், என்ன விழுந்தது. நாலு வாரம் அப்படியே ஓடியது, ஐந்தாம் வாரம் அவருக்கு முட்டிவலி. கடலை விழுதை நானே தடவினேன். அது சரியா என்று இன்றைக்கும் முழு மனசோடு சொல்ல வரவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால் தெரிந்தது, முதல் வருஷம் வாராவாரம் எலி விழுந்த பெட்டிகள் இப்போது மாசக்கணக்கில் காலி.

அதே பயணத்தில் திரிதிரி மாதாங்கி என்ற தீவுக்கும் போய் ஒரு ராத்திரி தங்கினோம். ஆக்லாந்திலிருந்து படகில் ஒன்றேகால் மணி. ஏறும் முன் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார்கள், எலியோ எறும்போ ஒளிந்து வந்துவிடக்கூடாது. நூறு வருஷத்துக்கு மேல் ஆடு மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த தீவு அது. 1984இலிருந்து 94வரை சாதாரண சனங்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, இரண்டரை லட்சத்துக்கு மேல் மரம் நட்டிருக்கிறார்கள். அங்கே தகாஹே என்ற பறவை வழிமறித்து நின்றது. பார்த்ததும், அட, நம் கண்மாயில் இருக்கிற நீலத் தாழைக்கோழி, ஆனால் சோறு நிறையத் தின்ற தாழைக்கோழி என்று நினைத்தேன். அதற்கு நெருங்கிய உறவுதானாம். பறக்கத் தெரியாது. அழிந்தே போய்விட்டது என்று எழுதி முடித்த பறவையை 1948இல் மலைக்காட்டில் மறுபடி கண்டார்கள். இப்போது ஏறக்குறைய 500 இருக்கிறது. ராத்திரி சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு கிவியைத் தேடிப் போனோம். பார்க்கவில்லை, விசில் அடிக்கிற மாதிரி குரல் மட்டும் கேட்டது. அதுவே எனக்குப் போதும்.

2023இல் மறுபடி போனேன். சனிக்கிழமை அந்தச் சரிவுக்குத்தான் முதலில் போனேன். நாலு வருஷத்துக்கு முன் நான் நட்ட கன்று, அன்றைக்கு என் முழங்கால்கூட இல்லை, இப்போது தலைக்கு மேல் நிற்கிறது. நட்ட கைராசி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் நட்டது அரை நாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்தக் கிழவர்கள் வந்து வந்து, கன்றைச் சுற்றி மூச்சுமுட்ட வளர்ந்த புல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்கள் 'விடுதலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இங்கே வருகிறேன். 2017 வாக்கில் எங்கள் ஊருணியைச் சுற்றி ஜே.சி.பி. விட்டுச் சீமைக்கருவையை வெட்டினார்கள். தூரை விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு ஒன்று பத்தாகத் துளிர்த்துவிட்டது. ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதைத்தது வேறு. மறுபடி வெட்டிய இடத்தில் ஓர் அமைப்பு சுற்றுச்சூழல் தினத்துக்கு 40 கன்று நட்டது. பந்தல், மைக், சால்வை, உங்கள் பேப்பரிலும் மூன்று பத்திப் படம். ஆடி பிறக்கும்போது நான் போய் எண்ணினேன், உயிரோடு இருந்தது 9. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தப் படத்தில் சால்வையோடு நானும் நிற்கிறேன்.

நம் சனத்துக்கு விடாமல் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நீங்களும் வருஷாவருஷம் எழுதுகிறீர்கள்.

இப்போது நானும் ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்களும் சனிக்கிழமை காலை ஊருணிக்கரைக்குப் போகிறோம். கன்றுக்கு எண் எழுதித் தகரம் கட்டியிருக்கிறோம். புல் பிடுங்குகிறோம், கருவை முள்ளை வெட்டியே வேலி போடுகிறோம். கரிமூட்டம் போடுகிற ஒருவரிடம் பேசி, தூரோடு தோண்டி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். தூர்க்கட்டைக் கரிக்கு விலை கூட என்கிறார், அவருக்கும் லாபம். பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறோம், தேவகோட்டைக்காரர் கவனிக்கவும். சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர் வந்தால் கையுறை எங்களிடம் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது.

ஐயா, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மரம் நடும் விழாப் படத்தைப் போடும்போது, அந்த இடத்தின் பெயரையும் தேதியையும் ஆபீசில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே தேதிக்கு அதே இடத்துக்குப் போட்டோகிராபரை அனுப்பி, நிற்கிற கன்றை எண்ணிப் படம் போடுங்கள். செத்ததையும் சேர்த்து எண்ணுங்கள். முதல் படத்துக்கு எங்கள் ஊருணிக்கே வரலாம். வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் யோசனை எழுதுவதானால் இதையே எழுதுங்கள்: நீ போன வேலை போன வருஷம் எப்படி இருந்தது, அடுத்த வருஷம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு. நோட்டை எடுத்துக் காட்டுகிற இடத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

நோட்டு என்றதும் ஒரு சந்தேகம். எங்கள் 17ஆம் எண் புங்கனைப் போன வாரம் ஆடு மொட்டையாக மேய்ந்துவிட்டது. செத்தது என்று எழுதப் போனேன். குனிந்து பார்த்தால் தூரில் மிளகளவு ஒரு துளிர். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
வாசகி,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்