ரயில்வே கேட்டில் நின்றுபோன வண்டியும் பில்லில் இல்லாத ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்னலில் நிற்கும்போது என்ஜினை அணைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த வேலையைத் தானாகவே செய்கிற வண்டிகள் நம் மாவட்டத்தில் இப்போது எத்தனையோ ஓடுகின்றன. எனக்குத் தெரிந்த நாலைந்து வண்டிகளில் அந்த வசதி வேலை செய்வதே இல்லை, கேட்டால் "அது வாங்கினதில் இருந்தே அப்படித்தான்" என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக, இந்த வசதிக்கு ஸ்டார்ட் ஸ்டாப் என்று பெயர்: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் தானே அணையும், மறுபடி கிளட்சை மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். தக்கலையில் இருந்து நாகர்கோவில் போக 15 கிலோமீட்டர் சொச்சம். நெரிசல் நாளில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், 17 தடவை அணைந்து எழுந்தது. சாதாரண வண்டியாக இருந்தால் வீட்டு வாசலில் ஒரு ஸ்டார்ட், அதோடு சரி. அணைந்திருக்கும் நேரத்தில் விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாமே பேட்டரியின் தலையில். இதற்கென்றே இஎஃப்பி, அதைவிட உயர்ந்த ஏஜிஎம் என்று இரண்டு வகை பேட்டரி செய்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் வண்டி, மகன் துபாய்க்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. சந்தைக்கு, ரேஷன் கடைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று எல்லாம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். மூன்று வருஷம் கழித்து என்ஜின் தானாக அணைவது நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "ஏசி லோடு சார், தொந்தரவாக இருந்தால் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிவிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஏசி அதிகம் இழுத்தால், என்ஜின் சூடாகாவிட்டால், சீட் பெல்ட் போடாவிட்டால் அணையாது என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் ஒருதடவைகூட அணையவில்லை என்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் குறைந்திருப்பது வண்டிக்குத் தெரியும், அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாது என்றுதான் அது அணைக்காமலே ஓடுகிறது. எனக்கு இது புரிந்தபோது பேட்டரி செத்திருந்தது.

பக்கத்துக் கடையில் போய்ப் புதிது போட்டேன். அவர் பழையதைத் தூக்கிப் பார்த்து, "அதே சைஸ், அதே ஆம்பியர் இருக்கு" என்று ஒன்றை மாட்டினார். என்ன வண்டி, ஸ்டார்ட் ஸ்டாப் உண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றே தெரியாது. கம்பெனி பேட்டரியைவிடக் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் குறைவு என்ற சந்தோஷம் வேறு! புதுப் பேட்டரி போட்டதும் வண்டி பழையபடி அணைந்து எழ ஆரம்பித்தது, சரி எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

எட்டாவது மாதம் நல்ல மழை. ரயில்வே கேட்டில் நிற்கிறேன், ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் ஓடுகிறது, என்ஜின் வழக்கம்போல அணைந்தது. ரயில் போய் கேட் திறந்தது. கிளட்சை மிதித்தால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி மறுபடி எரிகிறது, அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். குளச்சலில் இருந்து மீன் ஏற்றி வந்த ஒரு பிக்கப்காரர், ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டியை என் வண்டியின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் கேபிளை எடுத்தார். சிவப்பை பிளஸ்ஸில் மாட்டினார். கறுப்பை நான் மைனஸ் டெர்மினலில் மாட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அங்க மாட்டப்பிடாது. அந்தச் சின்னப் பெட்டியைப் பாத்தீங்களா?" டெர்மினலை ஒட்டித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய வயர். பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்கெழுதும் சென்சார் அது. டெர்மினலில் நேரே கொடுத்தால் அந்தக் கரண்ட் அதன் கணக்கில் வராது, அதனால் என்ஜின் மேல் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கறுப்பை மாட்டினார். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. காசு வாங்கவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் எனக்குச் சொல்லாததை ஒரு மீன் வண்டிக்காரர் மழையில் நனைந்துகொண்டு சொன்னார்.

மறுநாள் வாரண்டி கார்டோடு கடைக்குப் போனேன். அதே கடைக்காரர், அதே ஆள், கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் இருந்ததைக் காட்டுகிறார்: ஸ்டார்ட் ஸ்டாப் வண்டிக்கு இந்தப் பேட்டரி செல்லாது. மாட்டும்போது இது தெரியாதா என்று கேட்டதற்கு, "நீங்க சொல்லலையே" என்றார். அப்புறம் நாகர்கோவிலில் சொல்லிவைத்து, இரண்டு நாள் காத்திருந்து இஎஃப்பி வாங்கிப் போட்டேன். கம்பெனி இஎஃப்பி கொடுத்த வண்டிக்கு அதையோ ஏஜிஎம்மையோ போடலாம், ஏஜிஎம் வந்த வண்டிக்கு ஏஜிஎம்தான், கீழே இறங்கக் கூடாது. சில வண்டிகளில் புதுப் பேட்டரி மாட்டியதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும். ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேட்டரி வாங்கிய கணக்கை மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

வண்டியை விட்டுவிட்டு ஆள் வெளிநாடு போன வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட்டி வைத்த வண்டியும் அலாரம், சென்ட்ரல் லாக் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு மாதத்தில் 21 ஆம்பியர் ஹவர் (பேட்டரியில் நிற்கும் கரண்டின் அளவு) போய்விடும், 45 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது ஏறக்குறைய பாதி. அரைகுறை சார்ஜில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் உறைந்துவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், ஸ்டார்ட்டுக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் பெரிய காரியம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், ஆள் இல்லையென்றால் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விற்கும்போது வண்டியில் ஸ்டார்ட் ஸ்டாப் உண்டா என்று கேட்டு, எந்த வகை பேட்டரி கொடுத்தோம் என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். சர்வீஸ் சென்டர்காரர்கள் பட்டனைக் காட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். உங்கள் பத்திரிகையும் அடுத்த தடவை பெட்ரோல் மிச்சம் பற்றிப் போடும்போது இந்த பேட்டரி விஷயத்தையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தக்கலை.