இன்குபேட்டர் திரையில் ஆக்சிஜன் 3%. செல்லுக்குக் கிடைப்பது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவ இணைப்பில் வெளியான ஸ்டெம் செல் கட்டுரை, 'ஆக்சிஜன் நிறைந்த சூழலில் வளர்க்கப்படும் செல்கள்' என்பதை ஒரு சிறப்பாகச் சொல்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மீசென்கைமல் செல்லுக்கு (எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்) அது சிறப்பல்ல, தொல்லை.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9%. மஜ்ஜைக்குள் ஏறத்தாழ 1 முதல் 4 சதவீதம்தான். செல் வளர்க்கும் பெட்டியான சாதாரண இன்குபேட்டரில், ஈரப்பதமும் 5% கார்பன் டை ஆக்சைடும் போக, 18.6% இருக்கும். அந்த மிகையில் டிஎன்ஏ சேதம் கூடி, செல்கள் சீக்கிரமே தட்டையாகப் பரந்து பெருகுவதை நிறுத்திவிடும். 2 முதல் 5 சதவீதத்தில் வளர்த்தால் கூடுதல் பாசேஜ் (பெருகி நிறைந்த செல்களைப் பிரித்துப் புதுப் பிளாஸ்குக்கு மாற்றும் சுற்று) தாங்கும். குறைந்த ஆக்சிஜனில் 'ஹிஃப்' என்னும் புரதம் சிதையாமல் நின்று, செல்லைச் சர்க்கரையை நம்பிப் பிழைக்க வைக்கிறது. செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இன்குபேட்டருக்குள் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைக்கலாம். ஆனால் திரையில் தெரியும் 3% உள்ளிருக்கும் காற்றின் அளவு; பிளாஸ்கின் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்குக் கிடைப்பது வேறு. 75 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள டி-75 பிளாஸ்கில் 15 மில்லி மீடியம் (செல்லுக்கான ஊட்டத் திரவம்) ஊற்றினால் ஆழம் 2 மில்லிமீட்டர். 'அடிக்கடி மாற்ற வேண்டாமே' என்று 30 மில்லி ஊற்றினால் 4 மில்லிமீட்டர். ஆக்சிஜன் ஊடுருவிக் கீழே சேர நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தில் வெளிக்காற்றின் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதைச் சூடாக்கி அப்படியே ஊற்றினால் ஹிஃப் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மீடியத்தை, காற்றுப் புகும் ஃபில்டர் மூடி கொண்ட பிளாஸ்கில் மெல்லிய அடுக்காக ஊற்றி, முந்தைய இரவே அதே இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும். குறைந்த ஆக்சிஜனில் குளுக்கோஸ் வேகமாகத் தீரும், லாக்டிக் அமிலம் சேரும். மீடியம் மஞ்சளாகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

கதவைத் திறப்பதுதான் பெரிய செலவு. 160 லிட்டர் இன்குபேட்டரில் வெளிக்காற்று முழுக்க நிறைந்துவிட்டால், திரும்ப 3 சதவீதத்துக்கு இறக்கச் சுமார் 310 லிட்டர் நைட்ரஜன் வேண்டும். ஏழு கனமீட்டர் சிலிண்டர் ஒன்று இப்படி இருபது சொச்சம் தடவைக்குத்தான் வரும். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் உள்ள மாடலை வாங்குவதே மிச்சம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு வருகிற சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது. தூய்மைச் சான்றுள்ள வாயு வேண்டும், வழியில் 0.2 மைக்ரான் ஃபில்டரும் வேண்டும். நைட்ரஜனுக்கு மணமோ நிறமோ கிடையாது. மூடிய ஏசி அறையில் கசிந்தால் ஆள் மயங்கி விழும்வரை தெரியாது. அறைக்கு ஆக்சிஜன் அலாரம் கட்டாயம்.

இன்னொன்று: கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால், இங்கே 3% என்பது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அளவு ஆக்சிஜன் அழுத்தம் என்றால், மலைமேல் அது 17 ஆகிவிடும். முடிவுகளை ஒப்பிடும்போது சதவீதத்தோடு அழுத்தத்தையும் எழுதினால்தான் கணக்கு நிற்கும்.

எல்லாவற்றுக்கும் குறைந்த ஆக்சிஜனே சரி என்றும் சொல்லிவிட முடியாது. குருத்தெலும்பாக மாற்றுவதற்கு அது துணை. எலும்பாக மாற்றுவதற்குப் பெரும்பாலும் தடை. பெருக்குவதைக் குறைவில் செய்து, எலும்பாக மாற்றும் கட்டத்தில் உயர்த்துவது அதனால்தான்.

நோயாளிகளுக்கு ஒரு தகவல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை ஆய்வு நிலையில் உள்ளவையே. இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது வளர்த்த ஆக்சிஜன் அளவு, பாசேஜ் எண், சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு) பதிவு எண் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் பிரசுரிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
செல் வளர்ப்பு ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
பீளமேடு, கோவை.