ஹெட்ஸ்டாக்கைப் பிரிக்கும் முன்

அன்பு மகளுக்கு,

உன் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) போடும் சத்தத்தை நீ பதிந்து அனுப்பியதைக் கேட்டேன். கைபேசியில் பதிந்தால் எல்லா லேத்தும் ஒரே மாதிரிதான் இரையும். அதை வைத்து நோய் இன்னதென்று சொல்ல என்னால் ஆகாது. ஆனால் கூடவே எழுதியிருந்தாயே, "விடுமுறையில் ஸ்பிண்டிலை வெளியே எடுத்துப் பேரிங்கை மாற்றிவிடப் போகிறேன்" என்று, அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம். ஹெட்ஸ்டாக் பெட்டிக்குள், பேரிங் என்ற தாங்கிகளில் சுழலும் முதன்மைத் தண்டு அது; இப்போதைக்கு அதைப் பிரிக்காதே. பழைய லேத்தில் சத்தம் கேட்டதும் எல்லோரும் பேரிங் மீதுதான் பழி போடுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி வெளியே, கழற்றாமலே எட்டும் இடத்தில் இருப்பான். நன்றாக இருக்கும் ஸ்பிண்டிலைப் பிரித்து மாட்டினால் அதன் துல்லியத்தைத் திரும்பக் கொண்டுவர நாள்கணக்கில் மல்லாட வேண்டியிருக்கும்.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார். முதலில் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு பெல்ட்டைக் கழற்று. பிறகு மோட்டாரை மட்டும் ஓட விடு. சத்தம் அப்படியே இருந்தால் மோட்டார் பேரிங், விசிறி மூடி, அடிப்பக்க போல்ட் ஆகிய மூன்றைத் தாண்டித் தேட வேண்டாம். மோட்டார் அமைதியாக ஓடினால் சக் என்ற பிடியை (கடையும் பொருளைத் தாடைகளால் கவ்வுவது) கழற்றிவிட்டு, பெல்ட்டைப் போட்டு ஓட்டு. தளர்ந்த தாடைகள் மெதுவான வேகத்தில் கடகடவென்று ஆடும். அதைப் போய் பேரிங் என்று நினைப்பவர்கள் உண்டு.

பெல்ட்டையும் சந்தேகப்படு. லேத் நெடுநாள் ஓடாமல் கிடந்தால், புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) வளைந்து நின்ற இடத்தில் பெல்ட்டுக்கு அந்த வளைவே நிலைத்துவிடும். ஓட்டியதும் தட் தட் என்று அடிக்கும். சூடேறினால் பெரும்பாலும் குறையும். புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு ஆப்பான கீ தளர்ந்திருந்தால் கதை வேறு. லேத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஒரு முட்டு கேட்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. இது ஏமாற்றுக்கார சத்தம். புல்லியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து இடப்பக்கத்துச் சேஞ்ச் கியர்கள், அதாவது கழற்றி மாற்றக்கூடிய பல்சக்கரங்கள். அவற்றை விலக்கிவிட்டு ஓட்டியதும் சத்தம் நின்றால் சந்தோஷப்படு, வேலை சுலபம். பற்கள் இறுக்கமாகக் கோத்திருந்தால் ஊளையிடும், தளர்ந்திருந்தால் கடகடக்கும். சரிசெய்ய, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கியருக்கும் நடுவே சாதாரணக் காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்து, கியர்களை நெருக்கி, போல்ட்டை முறுக்கு. பிறகு கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடு. மடிப்பு விழுந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டால் இரைச்சல் கூடுமே என்று கேட்பாய். நேர்ப்பல் கியரின் பிறவிக்குணம் அது, விட்டுவிடு.

'டிக் டிக்' என்று ஒழுங்காகக் கேட்டால் எண்ணிப் பார். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஸ்பிண்டில் நொடிக்கு 5 முறை சுற்றும். அவ்வளவு வேகத்தில் காது எண்ணாது. மிகக் குறைந்த வேகத்துக்கு வா, ஸ்பிண்டில் முனையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடு. கோடு ஒரு சுற்று வர ஒரு டிக் என்றால் ஸ்பிண்டிலோ அதன்மேல் உள்ள கியரோ. பல சுற்றுக்கு ஒருமுறை என்றால் அதைவிட மெதுவாகச் சுற்றும் கியர். ஒரே சுற்றுக்குள் பலமுறை என்றால் வேகமான தண்டு. இந்தக் கணக்கு உன்னை நேராக உடைந்த பல்லிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

இத்தனைக்கும் பிறகும் தாழ்ந்த உறுமல் இருந்தால் மட்டும் பேரிங் பற்றிப் பேசலாம். கூந்தலை இறுக்கி முடிந்துகொள், கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. ஒரு மரக்குச்சியின் நுனியை ஹெட்ஸ்டாக்கின் அசையாத உடலில் பேரிங்குக்கு நேராக வைத்து, மறுமுனையைக் காதருகே பிடி. முன் பேரிங், பின் பேரிங் இரண்டையும் ஒப்பிட்டுக் கேள். அரைமணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓட்டியபின் தொட்டுப் பார். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம் அல்லது எண்ணெய் போகவில்லை.

அதன்பின் லேத்தை நிறுத்தி, டயல் கேஜின் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) முனையை ஸ்பிண்டில் முனையின் மேற்புறத்தில் ஊன்றி, துளைக்குள் மரக்கட்டையைச் செருகி மேலே நெம்பு. எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள். பேரிங்காக வெண்கலப் புஷ் (வழவழப்பான வளையம்) வைத்த லேத்துக்கு எண்ணெய்ப் படலம் நிற்கக் கொஞ்சம் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் தண்டு கடித்துக்கொள்ளும். கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குக்கு இது நேர்மாறு, லேசான முன்னிறுக்கம் தேவை. உன்னுடையது எந்த வகை என்று தெரியாமல் பேரிங்கை இறுக்கும் நட்டில் கைவைக்காதே.

ஹெட்ஸ்டாக் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, அதில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார். காந்தத்தில் மெல்லிய கறுப்புப் பசை ஒட்டினால் அது வயதின் அடையாளம்தான். சில்லுகள் ஒட்டினால் கியரோ பேரிங்கோ உதிர்கிறது. மின்னுகிறது ஆனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் வெண்கலம். புதிய எண்ணெய் கையேட்டில் உள்ள தடிப்பு எண்ணிலேயே இருக்கட்டும். பெட்டுக்கு, அதாவது லேத்தின் நீண்ட அடித்தளத்துக்கு, 68 எண் ஸ்லைடுவே எண்ணெய் போதும். எண்ணெய்க் குழிகளில் கிரீஸைத் திணிக்காதே, வழி அடைத்துக்கொள்ளும். காற்றுக்குழாயால் உலோகச் சுருள்களை ஊதவும் கூடாது; அவை கேரியேஜுக்கு (டூலைத் தாங்கி பெட்டின் மேல் நகரும் பகுதி) அடியில் போய் ஒளிந்துகொண்டு பெட்டை அறுக்கும். பிரஷ் இருக்கிறது, துணி இருக்கிறது. எமரித் தாளால் தேய்க்கும்போது பெட்டை மூடு.

உலோகத்தைக் கடையும்போது மட்டும் கீச்சிட்டால் அது லேத்தின் நோயாக இருக்கவேண்டியதில்லை. டூல் (கடையும் உளி) அதிகம் வெளியே நீண்டிருக்கும், அல்லது மையத்துக்கு மேலோ கீழோ நிற்கும். அவற்றைச் சரிசெய்து, வேகத்தைக் குறைத்து ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) கொஞ்சம் கூட்டு. கேரியேஜின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையான கிப்பை மட்டும் யோசித்து முறுக்கு: சக்கின் அருகே தேய்ந்த பெட்டுக்கு ஏற்ப இறுக்கினால் மறுகோடியில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் போனதும் கேரியேஜ் இறுகி நிற்கும்.

பல் உடைந்த கியர் கிடைத்தால் கடைக்கு ஓடாதே. பற்களை எண்ணி இரண்டைக் கூட்டு. வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அந்தக் கூட்டலால் வகு. 40 பல், 84 மில்லிமீட்டர் என்றால் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 2. விடை முழு எண்ணாகவோ அரையாகவோ வராமல் இழுத்தால் அது பெரும்பாலும் அங்குலக் கணக்குக் கியர். பழைய கியர்களில் அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சாய்வைச் சொல்வது) 14.5 பாகையாகவும் இருக்கலாம், இன்று பரவலாகக் கிடைப்பது 20. இரண்டும் ஒன்றோடொன்று கோக்காது. வாங்கும் முன் அளவுகளை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா