வயல் நடுவே நடக்க யாரையும் கேட்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்து பயணக் கட்டுரையைப் படித்தேன். டவர் பிரிட்ஜ், லண்டன் ஐ, மெழுகுச் சிலைகள் எல்லாம் சரி. ஆனால் லண்டனைத் தாண்டினால் கார் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது, கிராமப்புறமெல்லாம் மலையேறுகிறவர்களுக்குத்தான் என்பதுபோல முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. பல வருடங்களாக இங்கிலாந்தில் தேம்ஸ் கரையிலுள்ள ரெடிங் நகரில் இருக்கிறேன். காரும் வேண்டாம், நுழைவுச்சீட்டும் வேண்டாம், முழங்கால் வலி இருப்பவர்கள்கூட மெதுவாகப் போய் வரலாம் என்று இந்த நாட்டில் ஒன்று இருக்கிறதென்றால் அது ஆற்றோர நடைதான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் வரும் பெற்றோர்தான் முதலில் என் நினைவுக்கு வருகிறார்கள். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பொழுது முழுக்க ஜன்னலும் டிவியும்தான் துணை. சனி ஞாயிறு வந்தால் கோயில், கடைவீதி, யார் வீட்டிலாவது பிறந்தநாள். என் அப்பா அம்மா வந்தபோதும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. "தெருக்கோடியில் வயல் வழியா ஒரு பாதை போகுது, நடந்துட்டு வாங்கப்பா" என்றால், "யாரோட வயலோ என்னவோ, நாம பாட்டுக்கு நுழைஞ்சா ஏதாவது சொல்ல மாட்டாங்களாம்மா?" என்பார். இங்கே வேலை பார்க்கும் என் நண்பர்கள் பலருக்கும் இதே தயக்கம் உண்டு.

யாரும் எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பொதுவழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நிலத்தின் ஊடாகவே போகின்றன. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை நம்முடையது. பல பாதைகள் பல நூறு வருடங்களாக ஊர்க்காரர்கள் சர்ச்சுக்கும் மாவு ஆலைக்கும் சந்தைக்கும் போய்வந்த தடங்கள். 1949-ல் வந்த சட்டம்தான் அவற்றையெல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் பதியச் சொல்லி மாவட்ட நிர்வாகங்களுக்குக் கட்டளையிட்டது. வயலுக்கு நடுவே பாதை போனால் விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுத பிறகு 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப நடக்கும்படி செய்து கொடுக்க வேண்டும். வளர்ந்து நிற்கும் கோதுமைக்கு நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நேர்கோடாக வழி விட்டிருப்பதைப் பார்த்தால் சட்டம் எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்று தெரியும்.

இந்த நாட்டில் நடக்கும் உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் வேண்டுமென்றே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபதுதான். 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே பகுதி. இதை அப்பாவுக்குச் சொன்ன பிறகுதான் அவர் மஞ்சள் அம்பைத் தேட ஆரம்பித்தார். வேலிக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பென்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். அவ்வளவுதான் இலக்கணம்.

உங்கள் வாசகர்களுக்கு ஒரே ஓர் இடம் சொல்ல வேண்டுமென்றால் ஃப்ளாட்ஃபோர்டைத்தான் சொல்வேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ. ஸ்டேஷனை விட்டு இறங்கி ஸ்டவர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஃப்ளாட்ஃபோர்டு ஆலை. மேடே கிடையாது. ஆறும் அகலமானதில்லை, நம் ஊர் வாய்க்கால் அளவுதான். எஸ்ஸெக்ஸ், சஃபோக் என்ற இரண்டு மாவட்டங்களுக்கும் இந்த ஆறுதான் எல்லை. ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்த ஆலை அது. லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகிறவர்கள் அங்கே 'தி ஹே வெய்ன்' என்ற ஆறடி அகலப் படத்தைப் பார்க்கலாம், அனுமதி இலவசம். 1821-ல் வரைந்தது. தண்ணீருக்குள் ஒரு வைக்கோல் வண்டி நிற்கும், இடது பக்கம் ஒரு வெள்ளை வீடு. அந்த வீடு இன்னும் நிற்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே கோணம். ஒரு நாள் படத்தையும் மறுநாள் அந்த இடத்தையும் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அங்கிருந்து டெடம் ஊர் வரைக்கும் புல்வெளி வழியாக இன்னும் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். டெடம் சர்ச் கோபுரம் தூரத்திலிருந்தே தெரிவதால் வழி தவற வாய்ப்பில்லை. இந்தக் கரையில்தான் அந்தக் காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிச் சரக்குப் படகுகளை இழுத்திருக்கின்றன. மாடுகள் அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடாமல் இருக்கக் குறுக்கே தடுப்பு போட்டிருப்பார்களாம். அதைத் தாண்டிக் குதிக்கவே குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். கான்ஸ்டபிள் அதையும் வரைந்திருக்கிறார். இன்னொன்று, கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ மரம் இந்த இரண்டு மாவட்டத்து ஈர நிலங்களில்தான் நிறைய வளர்க்கப்படுகிறது. கிளையில்லாமல் வழவழவென்று, அளவெடுத்தாற்போல் வரிசையாக நிற்கும். அப்பா ஒரு மரத்தின் அடியில் கையை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றார்.

கிஸ்ஸிங் கேட் என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்களுக்கு அதுதான் முக்கியம். அரைவட்டக் கம்பி வேலிக்குள் ஒரு சின்னக் கதவு ஆடிக்கொண்டிருக்கும். நாம் உள்ளே போய் ஓரமாக ஒதுங்கி, கதவை நமக்குப் பின்னால் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் வெளியே வரலாம். மாட்டுக்கு அது முடியாது. என் அம்மா புடவையோடு சிரமமே இல்லாமல் தாண்டிவிட்டார். ஆனால் எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. பழைய பாதைகளில் வேலிக்கு இரண்டு பக்கமும் பலகைப் படி வைத்து, ஏறித் தாண்டச் சொல்வார்கள். புடவைக்கும் மூட்டுவலிக்கும் அது ஆகாது. கிளம்பும் முன் பாதையில் பலகைப் படி உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

தேம்ஸ் கரை இன்னும் எளிது. ஆறு பிறக்கும் இடத்திலிருந்து லண்டன் வரை சுமார் 300 கிலோமீட்டருக்குத் தேம்ஸ் பாத் என்ற நடைபாதை போகிறது. 1996-ல் திறந்தார்கள், ஓக் மரக் கொட்டைதான் அடையாளச் சின்னம். எங்கள் ரெடிங்கிலிருந்து சோனிங் வரை ஐந்து கிலோமீட்டர் போல வரும். முடிவில் பழைய செங்கல் பாலம், அதற்குச் சற்று முன்னால் படகுகளை ஏற்றி இறக்கும் லாக். படகு உள்ளே நுழைந்ததும் கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள், கண்முன்னே படகு மெல்ல உயரும். அம்மாவுக்கு இதை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்கவில்லை. கோரிங், பேங்போர்ன், ஹென்லி மூன்று ஊர்களிலும் ரயிலை விட்டு இறங்கினால் சில நிமிடத்தில் ஆறுதான். ஆக்ஸ்ஃபோர்டில் போர்ட் மெடோ என்ற பெரிய மேய்ச்சல் வெளி, குதிரைகளும் வாத்துகளும் அவை பாட்டுக்குத் திரியும்.

எச்சரிக்கையும் எழுதத்தான் வேண்டும். மாட்டைக் கண்டால் நம்மவர்களுக்குப் பாசம் பொங்கும், தடவிக் கொடுக்கப் போவார்கள். இங்கே அது வேண்டவே வேண்டாம். கன்றோடு இருக்கும் பசு மனிதர்களை முட்டிக் கொன்றிருக்கிறது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாமல் சுற்றிக்கொண்டு போங்கள். லாக் ஓரங்களில் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, பேரப்பிள்ளைகளின் கையை விடக்கூடாது. உயரமான புல்லில் உண்ணி இருக்கும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் ஆற்றோரமெல்லாம் சேறு, சில நாட்களில் பாதையே தண்ணீருக்கு அடியில் போய்விடும். மே, ஜூன்தான் சரியான காலம். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் என்பதால் பிள்ளைகள் வேலை முடிந்து வந்த பிறகுகூடக் குடும்பமாகக் கிளம்பலாம். அப்புறம், எதிரே வருகிறவர்கள் "மார்னிங்" என்பார்கள், பதிலுக்குச் சொல்லுங்கள். தெருவில் முகம் பார்க்காமல் போகிறவர்கள்கூடப் பாதையில் பேசுவார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கோடைப் பயண இதழில் இப்படிப்பட்ட நடைகளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். எந்த ஸ்டேஷன், எத்தனை கிலோமீட்டர், பலகைப் படி உண்டா, கழிப்பறை எங்கே, உட்கார பெஞ்ச் இருக்கிறதா என்ற விவரங்கள் இருந்தால் போதும், அழகான வர்ணனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பயணச்சீட்டு போடும் முன்பே பெற்றோர் கையில் அது கிடைத்தால் நல்ல காலணியோடு வந்து இறங்குவார்கள். ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துப் பாதைகளை நானே எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ரெடிங், இங்கிலாந்து